குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டை நடந்து பார்க்க: விசா முதல் திரும்பும் ரயில் வரை

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப் போகத் திட்டம் போட்டபோது நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விசா விவரம் ஓரிடம், ரயில் கட்டணம் வேறிடம், கல்லூரி திறக்கும் நேரமோ கல்லூரிக்குக் கல்லூரி வேறு. கைக்குக் கிடைத்த பயணக் குறிப்புகள் எல்லாம் கோடைக்காக எழுதியவை. அறுபது தாண்டியவர்களோடு, கையுறை போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் நடக்கப்போகிறவர்களுக்கு அவை உதவவில்லை. அடுத்து போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்கால ஆக்ஸ்ஃபோர்டில் காசைவிடத் தட்டுப்பாடானது பகல் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியில் பார்க்க வேண்டியவை எல்லாம் வெளிச்சத்தில், உள்ளே பார்க்க வேண்டியவை எல்லாம் இருட்டிய பிறகு என்று நாளைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. தேதியைத் தேர்ந்தெடுப்பது

டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை போகாதீர்கள். கல்லூரிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் திறப்பதில்லை. டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது. அந்த வாரம் முழுக்கத் தண்டவாளப் பராமரிப்பு வேலை நடப்பது வழக்கம். லீவு கிடைக்கும் வாரம் என்பதால் நம்மில் பலர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதுதான் இருப்பதிலேயே மோசமான வாரம்.

பல்கலைக்கழகப் பருவம் எட்டு வாரம்தான். அக்டோபரில் தொடங்குவது டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிடும்; அடுத்தது ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடியும். பருவ நாட்களில் ஊர் உயிரோடு இருக்கும், கல்லூரிச் சிற்றாலயங்களில் பாடகர் குழு பாடும். ஆனால் பல கல்லூரிகள் பிற்பகலில் மட்டும்தான் வெளியாரை விடும். விடுமுறையில் கல்லூரிக்குள் நுழைவது கொஞ்சம் எளிது, பாட்டு இருக்காது.

என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். பிப்ரவரிக் கடைசியில் ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். கூட்டமும் இருக்காது, விடுதி வாடகையும் கோடையைவிட நன்றாகக் குறைந்திருக்கும்.

2. விசாவும் காகிதங்களும்

இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனின் சுற்றுலா விசா வேண்டும். ஆறு மாதம் வரை தங்கலாம். 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. விண்ணப்பிக்கும் அன்றைக்கு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பர் கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கிறிஸ்துமஸ் நடுவில் வந்தால் எல்லாமே இழுக்கும்.

இங்கே அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் வார இறுதிக்கு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் தனி விசா கட்டாயம்.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கும் ஐரோப்பியக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் விசா தேவையில்லை, ஆனால் இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். 2025 ஏப்ரலில் அதற்குக் கட்டணம் 16 பவுண்டாக இருந்தது. இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அரசின் செயலியிலேயே எடுத்துவிடலாம். கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, கவனம்.

வங்கிக் கணக்கு அறிக்கையில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். வீட்டிலிருந்து யாராவது அனுப்பிய பணமென்றால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கக் கடிதமும் ஆதாரமும் சேர்த்துவிடுங்கள். தமிழில் உள்ள சொத்துப் பத்திரம், ஓய்வூதிய ஆணை போன்றவற்றைச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் கொடுக்க வேண்டும். பிள்ளை அங்கே படித்துக்கொண்டிருந்தால் அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, தங்கப்போகும் முகவரி மூன்றையும் வையுங்கள்.

பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பில் கனமாக வரும். குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவது சாதாரணம்.

3. உடுப்பு

பகல் வெப்பநிலை ஏழெட்டு டிகிரி, இரவில் இரண்டு டிகிரி அளவில் இருக்கும். சில காலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். எண்ணைக் கேட்டால் பயமாக இல்லை. ஈரமும் காற்றும் சேரும்போதுதான் உறைக்கும். ஒரே தடிமனான கோட்டைவிட மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. அருங்காட்சியகங்களுக்குள் நன்றாகச் சூடு போட்டிருப்பார்கள்; அங்கே இரண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போடும் தெர்மலை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், விலை குறைவு. கோட்டும் காலணியும் இங்கே வாங்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் வெஸ்ட்கேட் வணிக வளாகத்திலேயே ப்ரைமார்க் என்ற மலிவுத் துணிக்கடை இருக்கிறது. குடை வேண்டாம். காற்றில் திரும்பிக்கொள்ளும், ஒரு கையையும் முடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக் கோட்டுதான் சரி.

காலணியில் கஞ்சத்தனம் கூடாது. ராட்கிளிஃப் சதுக்கத்திலும் மெர்ட்டன் தெருவிலும் தரை முழுக்க உருண்டைக் கற்கள் பதித்தது. காலைப் பனி அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக உறைந்திருக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஷூ போட்டால் நிச்சயம் வழுக்கும். அம்மா புடவையில்தான் வருவேன் என்றார். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ், முழங்கால் வரை சாக்ஸ், புடவையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே தூக்கிக் கட்டி ஊக்குப் போட்டு, மேலே முழங்கால் வரை வரும் கோட்டு. கொசுவம் ஈரக் கல்லில் புரளாததால் நாள் முழுக்கச் சிரமமில்லாமல் நடந்தார். புடவையை விட மனமில்லாதவர்களுக்கு இது நன்றாகவே ஒத்துவரும்.

குளிரில் செல்பேசி பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். டிக்கெட் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

4. லண்டனிலிருந்து போவது

லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேரிலபோனிலிருந்து போகும் ரயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட ஆகும். நெரிசல் நேரம் தவிர்த்த ஒரே நாள் போய்வரும் டிக்கெட் 30 முதல் 40 பவுண்டு வரை. வார நாளில் காலை ஒன்பதரைக்கு முன் ஏறினால் விலை எகிறும்.

தள்ளுபடிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற வகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அட்டை எதுவும் வாங்க வேண்டாம், டிக்கெட் எடுக்கும்போது தேர்ந்தெடுத்தால் போதும். அறுபது வயது நிறைந்தவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை உண்டு. அதற்கு பிரிட்டன் குடியுரிமை தேவையில்லை. நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் தருவார்கள். பெற்றோர் இரண்டு மூன்று வாரம் தங்கி நாலு ஊர் பார்க்கப் போகிறார்கள் என்றால் அட்டை விலை சீக்கிரமே வசூலாகிவிடும்.

ஒரு பொறி: லண்டனில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ரயில் ஏறிப் பழகியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அப்படியே போய்விடுகிறார்கள். அந்த வழியில் அட்டை தட்டும் வசதி ரெடிங் நிலையத்தோடு சரி. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 100 பவுண்டு அபராதமும் பயணக் கட்டணமும் கட்ட வேண்டும். இன்னொன்று, அட்வான்ஸ் டிக்கெட் மலிவு. ஆனால் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும்.

காசை மிச்சப்படுத்த ஆக்ஸ்ஃபோர்ட் டியூப் என்ற பேருந்து இருக்கிறது. லண்டனில் விக்டோரியா, மார்பிள் ஆர்ச்சில் ஏறலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கட்டணம் ரயிலைவிடக் குறைவு. முக்கியமான வசதி, ஹை ஸ்ட்ரீட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். ரயில் நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு நடக்கும் பதினைந்து நிமிடம் மிச்சம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன். ஹீத்ரோவிலிருந்தும் நேரடிப் பேருந்து உண்டு.

வாடகைக் கார் எடுக்காதீர்கள். ஊர் மையத்துக்குள் நுழையத் தனிக் கட்டணங்கள், கேமரா, வாகனம் போகக்கூடாத தெருக்கள் என்று தலைவலி. ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறையும் இல்லை. பெரிய பையோடு கல்லூரிக்குள் விடமாட்டார்கள். பெட்டியை லண்டனிலோ விடுதியிலோ விட்டுவிட்டு வாருங்கள்.

5. முன்பே பதிவு செய்ய வேண்டியவை

இரண்டே இரண்டுதான்: கிறைஸ்ட் சர்ச் கல்லூரியும் போட்லியன் நூலகச் சுற்றுலாவும்.

கிறைஸ்ட் சர்ச்சுக்கு ஆன்லைனில் நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 20 பவுண்டு அளவில் வரும். எல்லோரும் பார்க்க ஆசைப்படும் பெரிய உணவுக்கூடம் மதியம் மாணவர்கள் சாப்பிடும் நேரத்தில் மூடப்படும். எந்த நேரத்தில் கூடமும் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேவாலயமும் இரண்டும் திறந்திருக்கின்றன என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். ஒன்று மூடியிருக்கிறது என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. நுழைவாயிலிலும் குழப்பம் உண்டு. தெருவில் கம்பீரமாக நிற்கும் டாம் கோபுர வாசலில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. அதைத் தாண்டிக் கீழே நடந்து, நினைவுத் தோட்டத்து வழியாகப் புல்வெளிப் பக்கம் போக வேண்டும்.

போட்லியனில் அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்று சுற்றுலாக்கள் உண்டு; 10 முதல் 20 பவுண்டு வரை ஆகும். பழைய வாசிப்பறைக்குள் பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள். அதே நூலகத்தின் வட்டக் கட்டிடமான ராட்கிளிஃப் கேமராவுக்குள் தனியாக டிக்கெட் எடுத்துப் போக முடியாது. அதைச் சேர்த்திருக்கும் நீண்ட சுற்றுலாவில் மட்டும்தான் உள்ளே பார்க்கலாம்.

மற்ற கல்லூரிகளுக்கு வாசலிலேயே டிக்கெட். பெரும்பாலும் 10 பவுண்டை ஒட்டியோ அதற்குள்ளோ இருக்கும். வாசலில் உள்ள போர்ட்டர் லாட்ஜ் எனும் வாயிற்காவலர் அறையில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அன்று அனுமதி உண்டா, எத்தனை மணிக்கு என்று அதில் இருப்பதுதான் இறுதி; இணையத்தில் என்ன போட்டிருந்தாலும் பலகை சொல்வதைத்தான் கேட்பார்கள். அங்கே படிக்கும் மாணவர் யாராவது தெரிந்தவர் இருந்தால், அவர் தன் கல்லூரிக்கு உங்களை விருந்தினராக அழைத்துப் போகலாம். அதைவிட நல்ல வழி கிடையாது.

6. காலை நடை: ஒன்பதிலிருந்து ஒன்று வரை

ஆக்ஸ்ஃபோர்டிலேயே தங்கியிருந்தால் ஒன்பது மணிக்கு ராட்கிளிஃப் சதுக்கத்தில் இருங்கள்; அன்றைக்கே லண்டனிலிருந்து வருகிறவர்கள் வந்து சேர்ந்ததும் இங்கிருந்தே தொடங்கலாம். சைக்கிளில் வகுப்புக்குப் போகும் மாணவர்கள் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். சாய்வான வெயில் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லில் படும் அந்த அரை மணி நேரத்துக்காகவே குளிர்காலத்தில் வரலாம் என்று மனதாரச் சொல்வேன். கோடையில் இதே இடத்தில் நூறு பேர் கைபேசியோடு நிற்பார்கள்.

அங்கேயே நிற்கும் செயின்ட் மேரி பல்கலைக்கழகத் தேவாலயத்துக்குள் நுழைவு இலவசம். கோபுரத்தில் ஏறத்தான் கட்டணம், ஆறு பவுண்டு அளவில். மொத்தம் 127 படி. மேலே போகப் போக வளைந்து குறுகும். கல்படியின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் போக முடியும். மேல்மாடத்து நடைபாதையும் ஒடுக்கம். அப்பா பாதியில் நின்று, "நீ போய் போட்டோ எடுத்துட்டு வாப்பா, நான் கீழே இருக்கேன்" என்று இறங்கிவிட்டார். முழங்காலோ இதயமோ சரியில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கீழே தேவாலயத்திலேயே உட்காரலாம், சூடான காபிக் கடையும் இருக்கிறது. ஏற முடிந்தவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். மழையோ பலத்த காற்றோ வந்தால் மூடிவிடுவார்கள்.

பிறகு போட்லியன் சுற்றுலா. அது முடிந்ததும் பாலம் போட்ட ஹெர்ட்ஃபோர்ட் கல்லூரி வளைவுக்குக் கீழே புகுந்து நியூ காலேஜ் சந்தில் நடங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், காற்று அடிக்காது. மதியம் உணவுக்குக் கவர்ட் மார்க்கெட் போகலாம். கூரை போட்ட சந்தை என்பதால் மழையிலும் கவலையில்லை. சைவம் தாராளமாகக் கிடைக்கும். சோறுதான் வேண்டுமென்றால் கௌலி சாலையில் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. ஆனால் அது ஊர் மையத்திலிருந்து தள்ளி, பாலம் தாண்டிப் போக வேண்டும். பகல் வெளிச்சத்தை அதில் செலவழிக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. பிற்பகல்: ஒரு கல்லூரி, ஒரு கல்லறை

ஒரு பிற்பகலில் ஒரு கல்லூரிதான் நிதானமாகப் பார்க்க முடியும். கிறைஸ்ட் சர்ச் போனால் பக்கத்துப் புல்வெளியிலும் கொஞ்சம் நடக்கலாம், அது இலவசம். ஆனால் குளிர்காலத்தில் ஆற்றோரப் பாதையில் தண்ணீர் ஏறியிருக்கும் நாட்கள் உண்டு. அகலமான மேட்டு நடைபாதையோடு நின்றுகொள்ளுங்கள். பொழுது சாய்ந்ததும் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள்.

தமிழர்கள் பார்க்க வேண்டிய ஓர் இடம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் இங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். 1908 பிப்ரவரியில் மறைந்து இங்கேயே அடக்கமானவர். வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. ஆஷ்மோலியனிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு வழிதான் நுழைவு. கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். கட்டணம் இல்லை. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். தோட்டத்தின் இணையதளத்தில் கல்லறைகளின் விவரம் இருக்கிறது. இடத்தைக் குறித்துக்கொண்டு போனால் தேடி அலைய வேண்டாம். தரை சேறாக இருக்கும். ஆனால் செடிகொடிகள் காய்ந்து கிடப்பதால் கோடையைவிடக் கற்கள் நன்றாகத் தெரியும்.

‘ஒரு தமிழ் மாணவன்’ என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார் என நாம் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த வரி கல்லில் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து எழுப்பிய கல் என்றுதான் இருக்கிறது. இல்லாத வரியைத் தேடாமல் இருக்கிற வரியைப் படியுங்கள். கடல் தாண்டி நம்மவர்கள் பணம் அனுப்பிக் கல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

8. இருட்டிய பிறகு

நான்கு மணிக்கு மேல் அருங்காட்சியகம். ஆஷ்மோலியன், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதன் பின்புறம் வழியாக நுழையும் பிட் ரிவர்ஸ் மூன்றும் இலவசம். ஐந்து மணிக்கு மூடும். பிட் ரிவர்ஸ் திங்கட்கிழமைகளில் மட்டும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பிராட் தெருவில் உள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் 1931-ல் ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகை அழிக்காமல் இருக்கிறது. அது மதியத்துக்கு மேல்தான் திறக்கும், திங்கள் விடுமுறை. ஒரு மாலையில் ஒன்றே போதும். பெரியவர்களோடு போனால் ஆஷ்மோலியன். லிஃப்ட், இருக்கை, சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. பிள்ளைகளோடு போனால் டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

ஆறு மணியை ஒட்டி கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தில் ஈவன்சாங் எனும் மாலை ஆராதனை. நுழைவு இலவசம், எந்த மதத்தவரும் போகலாம். இதற்கு மட்டும் டாம் கோபுர வாசலிலேயே விடுவார்கள். ஆராதனைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். செல்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்கக்கூடாது, முடியும்வரை எழுந்து வரக்கூடாது. 20 பவுண்டு கொடுக்க மனமில்லாதவர்கள் பகல் டிக்கெட்டை விட்டுவிட்டு இதற்கு மட்டும் வாருங்கள். கூடத்தைப் பார்க்க முடியாது. முற்றமும் தேவாலயமும் பாடகர் குழுவின் பாட்டும் கிடைக்கும்.

9. ஒரு நாள் செலவு, திரும்பும் நேரம்

லண்டனிலிருந்து ஒருவர் காலையில் போய் இரவு திரும்ப, கிறைஸ்ட் சர்ச்சும் போட்லியனும் சேர்த்து, ரயிலில் 80 முதல் 100 பவுண்டு ஆகும். பேருந்தில் போய், கோபுரம் ஒன்று மட்டும் ஏறி, அருங்காட்சியகமும் மாலை ஆராதனையும் பார்த்து, மதியத்துக்கு சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச் வாங்கிக்கொண்டால் 40 பவுண்டுக்குள் முடித்துவிடலாம். பணத்தாள் மாற்றிக்கொண்டு வர வேண்டாம். எல்லா இடத்திலும் அட்டைதான்; வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று கிளம்புமுன் வங்கிச் செயலியில் பாருங்கள்.

ஆராதனை முடிய ஏழு மணி ஆகும். கடைசி ரயில் வரை காத்திருக்காமல் எட்டு மணிக்குள் நிலையம் போய்விடுவது நல்லது. இரவில் ரயில் ரத்தானால் அடுத்ததற்குக் குளிரில் நிற்க வேண்டிவரும். அப்படி ஆகிவிட்டால் குளோஸ்டர் கிரீன் பேருந்து நிலையத்துக்கு நடங்கள், பத்து நிமிடம்தான். லண்டன் பேருந்து நள்ளிரவு தாண்டியும் ஓடுகிறது. ஓட்டுநரிடமே அட்டையில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.